முயல் குட்டிக்கு முதலில் புல்: திருகோணமலையில் குட்டி வாங்குபவர்களுக்கு

முயல் குட்டி வாங்குபவர்கள் அநேகமாக அன்றைக்கே கால் கிலோ கரட்டும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருவார்கள். குட்டியும் ஆசையாகக் கடிக்கும். அடுத்த நாள் கோவா இலை, அதற்கடுத்த நாள் பாண் துண்டு, நடுவில் பிள்ளைகள் நீட்டும் பிஸ்கட். நாலாம் ஐந்தாம் நாளில் பின்பக்கம் ஈரமாகி, வயிறு ஊதி, குட்டி கூட்டின் மூலையில் குந்திக்கொண்டிருக்கும். அதற்குப் பிறகு செய்வதற்கு நேரம் அதிகம் இருப்பதில்லை. இந்தக் குட்டிகளில் பெரும்பாலானவை சாக வேண்டியவையே இல்லை. புல்தான் முயலின் சோறு, மற்றதெல்லாம் கறி என்ற கணக்கு வீட்டில் இருந்திருந்தால் பிழைத்திருக்கும்.

இங்கே சொல்லப்படுவது எட்டு வாரம் முதல் ஆறு ஏழு மாதம் வரையான குட்டிக்கு. அதற்கும் சின்னக் குட்டி கைக்கு வந்துவிட்டால் என்ன செய்வது என்பது கடைசிப் பகுதியில் இருக்கிறது.

வாங்கும் இடத்திலேயே மூன்று கேள்வி

முதலாவது, பிறந்த திகதி. "ஒரு மாதக் குட்டி" என்று விற்பவர் சொன்னால் வாங்க வேண்டாம். இன்னும் நாலு வாரம் தாயோடு விட்டுத் தரச் சொல்லுங்கள். முற்பணம் கொடுத்துப் பேசிக்கொள்ளலாம். குட்டி மூன்றாம் வாரத்திலேயே புல்லைக் கடிக்கத் தொடங்கிவிடும். அதைப் பார்த்துத்தான் "எல்லாம் தின்னும்" என்று விற்கிறார்கள். கடிப்பது வேறு, சமிப்பது வேறு. வளர்ந்த முயலின் இரைப்பையில் அமிலம் மிகக் கடுமையானது. பிஎச் (எண் குறையக் குறைய அமிலம் கடுமை என்று காட்டும் அளவு) 1 முதல் 2 வரை இருக்கும். தின்பதோடு போகும் கிருமிகளில் பெரும்பங்கு அங்கேயே செத்துவிடும். பால்குடிக் குட்டியின் இரைப்பையில் பிஎச் 5, 6 அளவுதான். அந்தக் காலத்தில் குட்டியைக் காப்பது தாய்ப்பால்: இரைப்பையில் பால் செரிக்கும்போது உண்டாகும் சில கொழுப்பமிலங்கள் கிருமியை அடக்கி வைக்கின்றன. நாலு வாரத்தில் தாயிடமிருந்து பிரித்தால் பாலின் காவலும் இல்லை, அமிலத்தின் காவலும் இன்னும் வரவில்லை. குட்டிகள் கழிச்சலில் அதிகம் சாவது இந்த இடைவெளியில்தான்.

இரண்டாவது, இப்போது என்ன தின்கிறது. பெலட் (கடையில் விற்கும் உருண்டைத் தீன்) என்றால் எந்தப் பெயர், புல் என்றால் எந்தப் புல், ஒரு நாளைக்கு எத்தனை தரம் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, அதே தீனில் ஒரு கிழமைக்குப் போதுமானதைக் கேட்டு வாங்குங்கள். காசு கொடுத்தாவது வாங்குங்கள். நீங்கள் வாங்கப்போகும் தீன் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், முதல் நாளே மாற்றினால் அதுவே குட்டிக்குக் கெடுதலாகிவிடும். முயலின் பெருங்குடல் தொடங்கும் இடத்தில் ஒரு பெரிய பை இருக்கிறது. தின்ற நாரை அங்கே நுண்ணுயிர்கள் புளிக்கவைத்துச் சத்தாக்குகின்றன. எந்தத் தீனுக்குப் பழகினவோ அந்தத் தீனுக்கு ஏற்றபடிதான் அவை இருக்கும். திடீரென்று வேறு தீன் போனால் நல்லவை குறைந்து, வாயுவும் நஞ்சும் உண்டாக்குபவை பெருகும். முயலால் வாந்தி எடுக்கவும் முடியாது. உள்ளே போனது முழுப் பாதையையும் கடந்துதான் வெளியே வர வேண்டும்.

முதல் மூன்று நாள்

கூட்டில் மூன்றே பொருள் இருக்கட்டும்: உலர்ந்த புல், கொண்டுவந்த பழைய தீன், தண்ணீர். கீரை, பழம், கரட் எதுவும் வேண்டாம். இடம் மாறிய பயத்திலேயே குட்டியின் குடல் மெதுவாகிவிடும். அதற்கு மேல் புதுத் தீனையும் கொடுத்துச் சோதிக்கக் கூடாது.

புல்லைத் தட்டில் கொஞ்சமாக வைக்காமல், குட்டியின் உடம்பளவுக்கு ஒரு குவியலாக, அது மலம் கழிக்கும் மூலைக்குப் பக்கத்தில் வையுங்கள். முயல் கழித்துக்கொண்டே தின்னும் பழக்கமுள்ளது. அந்த மூலையில் புல் இருந்தால் கூடுதலாகத் தின்னும். முதல் இரவு அநேகமாகச் சத்தமே இருக்காது. காலையில் கூட்டுத் தரையில் உருண்டைப் புழுக்கை கிடந்தால் குடல் ஓடுகிறது என்று அர்த்தம். புழுக்கை இல்லை, புல்லும் தொடப்படவில்லை, பன்னிரண்டு மணித்தியாலம் கடந்துவிட்டது என்றால் காத்திருக்காமல் மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

நாலாம் நாளிலிருந்து தீனை மாற்றத் தொடங்கலாம். முதல் மூன்று நாள் முக்கால் பங்கு பழையது, கால் பங்கு புதியது. அடுத்த மூன்று நாள் பாதிக்குப் பாதி. அதற்கடுத்த மூன்று நாள் கால் பங்கு பழையது. மாற்றத் தொடங்கிய பத்தாம் நாளில் முழுவதும் புதியது. நடுவில் புழுக்கை இளகினால் ஒரு படி பின்னால் போய் அங்கேயே மூன்று நாள் நில்லுங்கள்.

புல்: எது, எங்கே, எப்படி

வெளிநாட்டு வழிகாட்டிகள் எல்லாம் குட்டிக்கு அல்ஃபால்ஃபா, பெரிய முயலுக்கு டிமோத்தி என்று எழுதும். இரண்டும் பெட்டியில் அடைத்து இறக்குமதியாகும் உலர் புற்கள். கொழும்பிலிருந்து எடுப்பித்தால் கிடைக்கும், ஆனால் விலை கூட. மாதக்கணக்கில் அதையே நம்பியிருக்கப் பல வீடுகளுக்குக் கட்டாது. நம்முடைய பக்கத்துப் புல்லே போதும். அதை ஒழுங்காக வெட்டிக் காய வைக்கத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அறுகம்புல் மிக நல்லது. குட்டியின் வாய்க்கு ஏற்ற மெல்லிய தண்டு. கினிப்புல் எங்கும் கிடைக்கும். பூ வருமுன் இளசாக வெட்டி, நாலு விரல் நீளத்துக்கு நறுக்கிப் போடுங்கள். முற்றிய கினிப்புல்லில் தண்டுதான் மிச்சம், குட்டி இலையை மட்டும் உருவித் தின்றுவிட்டுத் தண்டை மிதிக்கும். ஒரே புல்லை மட்டும் நம்பாமல் இரண்டு வகையைக் கலந்து வைத்தால், ஒன்று கிடைக்காத கிழமையில் குடல் தடுமாறாது. வாழையிலையும் நல்ல நார். உள்ளங்கை அளவில் தொடங்கிப் பழக்கலாம்.

வைக்கோல் பற்றி அடிக்கடி கேட்கப்படும். தம்பலகாமத்திலும் கிண்ணியாவிலும் பெரும்போக அறுவடை முடியும் மாசி பங்குனியில் தாராளமாகக் கிடைக்கும். கூட்டுக்கு விரிக்கலாம், குட்டி கொறிக்கவும் செய்யும், பல்லுக்கும் வேலை. ஆனால் அதில் சத்து மிகக் குறைவு. வளரும் குட்டியின் முக்கிய உணவாக வைக்கோலை வைத்தால் வயிறு நிறைந்திருக்கும்போதே மெலிந்துபோகும்.

வெட்டும் இடத்தைப் பார்த்து வெட்டுங்கள். வயல் வரம்பில் களைநாசினி அடித்திருப்பார்கள். வரம்புப் புல் எவ்வளவு பச்சையாக இருந்தாலும் சொந்தக்காரரைக் கேட்காமல் தொட வேண்டாம். பிரதான வீதி ஓரத்துப் புல்லில் புகைக்கரி படிந்திருக்கும். மானும் மாடும் மேய்ந்து, தெருநாய் படுத்தெழும் இடங்களில் மலத்தோடு புழு முட்டையும் புல்லில் ஒட்டிவரும். கோட்டை வாசலுக்கு அருகே மான்கள் நிற்கும் புல்வெளி கண்ணுக்கு அழகு, குட்டிக்கு வேண்டாம். வீட்டு வளவு, தெரிந்தவரின் தோட்டம், மருந்தடிக்காத தென்னந்தோப்பு, இவைதான் நம்பிக்கையான இடங்கள். புல்வெட்டும் இயந்திரத்தில் அரைபட்ட புல்லை ஒருபோதும் போடாதீர்கள். நசுங்கிய புல் விரைவிலேயே புளிக்கத் தொடங்கும். இதே காரணத்தால்தான் பச்சைப் புல்லைச் சொப்பிங் பைக்குள் கட்டி மோட்டார் சைக்கிளில் வெயிலில் கொண்டுவருவதும் பிழை. கையை உள்ளே விட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் அது குட்டிக்கு உதவாது. சாக்கில் தளர்வாகக் கொண்டுவந்து உடனே நிழலில் பரப்புங்கள்.

குட்டி தாயோடு இருந்தபோதே பச்சைப் புல் தின்றிருந்தால் அப்படியே தொடரலாம். பெலட் மட்டும் தின்று வளர்ந்ததென்றால் முதல் இரண்டு கிழமையும் உலர்ந்த புல், பிறகு ஒரு சிறு பிடி பச்சைப் புல், பிறகு மெதுவாகக் கூட்டல். மழையில் நனைந்த புல்லை உதறி, அரை நாள் நிழலில் வாடவிட்டுக் கொடுங்கள். ஈரப் புல்லைக் குவியலாகப் போட்டால் அடிப்பக்கம் அவிந்துபோகும். குட்டி அதையும் தின்னும் என்பதுதான் கவலை.

காய வைப்பதற்குத் திருகோணமலைக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. வைகாசியிலிருந்து புரட்டாதி வரை கச்சான் காற்று வறட்டி எடுக்கும். மனிதருக்குச் சலிப்பான அந்தக் காற்றில் புல் இரண்டே நாளில் காயும். முறை இதுதான்:

1. பனி உலர்ந்த பிறகு, காலை ஒன்பது பத்து மணிக்கு வெட்டுங்கள். பூ வந்த தண்டுகளை விலக்குங்கள்.
2. வெயில் நேரே விழாத, காற்றுப் படும் இடத்தில் பழைய வலை அல்லது சாக்கின் மேல் இரண்டு விரல் தடிப்புக்கு மேல் போகாமல் பரப்புங்கள். கொளுத்தும் வெயிலில் போட்டால் வெளுத்து வைக்கோல் நிறமாகிவிடும், சத்தும் வாசமும் போய்விடும்.
3. நாளுக்கு இரண்டு தரம் கிளறிவிடுங்கள். இரவில் பனி விழாத இடத்துக்கு மாற்றுங்கள்.
4. ஒரு பிடியை முறுக்கிப் பாருங்கள். தண்டு சடக்கென்று முறிந்து, கையில் குளிர்ச்சி தட்டாமல் இருந்தால் காய்ந்துவிட்டது. பச்சை நிறம் இன்னும் இருக்க வேண்டும், மணம் இனிப்பாக இருக்க வேண்டும்.
5. சணல் சாக்கில் நிரப்பி, பலகை மேல், சுவரில் படாமல் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டினால் மிச்சமிருக்கும் ஈரம் உள்ளேயே நின்று பூஞ்சணம் பிடிக்கும்.

நாலைந்து கிலோ பச்சைப் புல் காய்ந்தால் ஏறக்குறைய ஒரு கிலோ மிஞ்சும். ஐப்பசியில் மழை பிடித்தால் தை வரை இங்கே எதுவும் ஒழுங்காகக் காயாது. அந்த மூன்று மாதத்துக்கு ஒரு முயலுக்கு எட்டிலிருந்து பத்துக் கிலோ உலர் புல் வேண்டும், புரட்டாதிக்குள் சேர்த்துவிடுங்கள். மாரி தொடங்கிய பிறகு சாக்கைக் கிழமைக்கு ஒரு தரம் திறந்து மணந்து பாருங்கள். மக்கல் மணம், சாம்பல் நிறத் தூள், உதறும்போது புகை மாதிரித் தூசு, இவற்றில் ஒன்று இருந்தாலும் சாக்கு முழுவதும் தென்னையடிக்குத்தான். நல்ல பகுதியைப் பிரித்தெடுக்கலாம் என்று நினைக்க வேண்டாம். பூஞ்சணம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே பரவியிருக்கும்.

இவ்வளவு பாடு எதற்கு? முயலின் பல் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும், கிழமைக்கு இரண்டு மூன்று மில்லிமீற்றர். நீளப் புல்லைப் பக்கவாட்டில் அரைத்து அரைத்துத் தின்றால்தான் பல் தேயும். பெலட்டும் கரட்டும் நசுக்கப்படுமே தவிர அரைபடாது. தேயாத கடைவாய்ப் பல் கூராகி நாக்கையும் கன்னத்தையும் கிழிக்கும்; அதோடு முயல் சாப்பாட்டை நிறுத்திவிடும். குடல் அசைந்துகொண்டிருப்பதற்கும் அந்த நார்தான் வேண்டும்.

பெலட்

வளரும் குட்டிக்கு நம்மூர்ப் புல் மட்டும் புரதத்துக்குக் காணாது. அந்தக் குறையை முயல் பெலட் நிரப்பும். பையின் பின்பக்கத்தை வாசியுங்கள். நார் 18 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. புரதம் 15 முதல் 17 சதவீதம், கொழுப்பு 3 சதவீதத்துக்கு உள்ளே. எல்லாம் ஒரே நிற உருண்டையாக இருக்க வேண்டும். சோளம், விதை, நிறநிறமான துண்டு கலந்த தீனில் குட்டி இனிப்பானதை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு நாரை விட்டுவிடும்.

ஒரு கிலோவுக்கு உட்பட்ட குட்டிக்குக் காலையில் இரண்டு மேசைக்கரண்டி, பின்னேரம் இரண்டு மேசைக்கரண்டி. மொத்தம் நாற்பது கிராம் அளவு. புல்லையும் நன்றாகத் தின்று, பெலட்டையும் உடனே முடித்து, கிழமைக்குக் கிழமை எடையும் ஏறினால் ஒரு கரண்டி கூட்டலாம். பெலட் தட்டு காலியாக, புல் அப்படியே கிடந்தால் பெலட் கூடிவிட்டது, குறையுங்கள். எடை பார்க்கச் சமையலறைத் தராசே போதும், ஒரு பாத்திரத்துக்குள் குட்டியை வைத்து நிறுத்து, பாத்திரத்தின் எடையைக் கழித்து எழுதுங்கள். இனத்துக்கு இனம் எடை மாறும், அதனால் அடுத்த வீட்டுக் குட்டியோடு ஒப்பிடத் தேவையில்லை. எண் ஒவ்வொரு கிழமையும் ஏறுகிறதா என்பதை மட்டும் பாருங்கள். ஆறு ஏழு மாதத்தில் வளர்ச்சி அடங்கும். அப்போது பெலட்டைச் சிறிது சிறிதாகக் குறைத்து, உடல் எடையில் கிலோவுக்கு 25 கிராம் அளவில் நிறுத்துங்கள், இல்லாவிட்டால் கொழுத்துப்போகும்.

கோழித் தீன் வேண்டவே வேண்டாம். முயல் பெலட் கிடைக்காத நாளில் "ஒரு நாளைக்குத்தானே" என்று கோழிக்குஞ்சுத் தீனைக் கொடுப்பது இங்கே வழக்கமாக இருக்கிறது. அதில் மாப்பொருள் கூட, நார் குறைவு. அதைவிடப் பெரிய ஆபத்து, கோழியின் இரத்தக்கழிச்சலைத் தடுக்கச் சில தீன்களில் சேர்க்கப்படும் மருந்துகள் முயலுக்கு நஞ்சு. பெலட் முடிந்துவிட்டால் இரண்டு நாள் புல்லோடு இருக்கட்டும், ஒன்றும் ஆகாது.

பெலட்டை மாதத்துக்குப் போதுமான அளவே வாங்கி, மூடி இறுகும் ரின்னில் வையுங்கள். கடற்காற்று ஈரத்தில் திறந்த பை பத்து நாளில் மெத்தென்று ஆகிவிடும். எறும்பும் வரும், கூட்டின் கால்களைத் தண்ணீர் விட்ட சிரட்டையிலோ ரின்னிலோ நிறுத்துங்கள். எறும்புப் பவுடரைக் கூட்டுக்குப் பக்கத்தில் தூவ வேண்டாம், குட்டி பாதத்தை நக்கும்.

தண்ணீர்

ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 50 முதல் 150 மில்லிலீற்றர் வரை குடிக்கும், வெயில் காலத்தில் அதற்கும் மேலே. கனமான மண் சட்டி நல்லது, கவிழாது, தண்ணீரும் குளிர்ச்சியாக இருக்கும். உறிஞ்சும் போத்தல் வைத்தால் தினமும் விரலால் தட்டிப் பாருங்கள். உருண்டை சிக்கிக்கொண்டால் போத்தல் நிறைந்திருக்கக் குட்டி தாகத்தில் இருக்கும். கடற்கரைப் பக்கக் கிணறுகள் கோடையில் உவர்க்கும். நீங்கள் குடிக்காத தண்ணீரைக் குட்டிக்கும் வைக்க வேண்டாம். தண்ணீர் குறைந்தால் முயல் புல் தின்பதையும் குறைத்துவிடும், வயிற்றில் உள்ளது இறுகும்.

கீரை, பன்னிரண்டு வாரத்துக்குப் பிறகு

முதலில் மல்லி இலை, இரண்டே இரண்டு காம்பு. அன்றும் அடுத்த இரண்டு நாளும் புழுக்கையைப் பாருங்கள். உருண்டையாகவே இருந்தால் அளவை ஒரு சிறு பிடியாக்குங்கள். நாலாம் நாள் வேறொரு கீரை, மறுபடியும் இரண்டு காம்பு. ஒரே நாளில் இரண்டு புதுக் கீரை கொடுத்தால் எது ஒத்துவரவில்லை என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது.

மல்லி, புதினா, வல்லாரை, கங்குன், கரட் இலை, செவ்வரத்தை இலை, வற்றாளை இலை, எல்லாம் சந்தையிலோ வளவிலோ கிடைக்கும், நல்லவை. கரட்டை விட அதன் இலைதான் முயலுக்கு ஏற்றது. கடைக்காரர் வெட்டி எறிவதைக் கேட்டு வாங்கலாம். பொன்னாங்கண்ணி, பசளி இரண்டிலும் ஒட்சலேற்று என்ற, கூடினால் ஆகாத பொருள் உண்டு, கிழமைக்கு ஒன்றிரண்டு நாள் போதும். முருங்கை இலையில் கல்சியம் கூட. முயல் தின்ற கல்சியத்தில் மிஞ்சியதைச் சிறுநீரில்தான் கழிக்கும். சிறுநீர் காய்ந்த இடத்தில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைத் தடம் கனமாகப் படிந்தால் முருங்கையை நிறுத்துங்கள். கோவா வாயு உண்டாக்கும், ஒரு விரல் அளவு துண்டுக்கு மேல் குட்டிக்கு வேண்டாம்.

சந்தைக் கீரையில் பூச்சிமருந்து இருக்கலாம். பெரிய பாத்திரத் தண்ணீரில் பதினைந்து நிமிடம் ஊறவிட்டு, இரண்டு தரம் அலசி, நீரை உதறிக் கொடுங்கள். நாலு மாதம் முடியும்போது ஒரு நாளைக்கு இரண்டு பிடி கீரை வரை வரலாம். அப்போதும் புல் குவியல் குறையக் கூடாது.

பழம் நாலைந்து மாதத்துக்குப் பிறகுதான். பெருவிரல் நகமளவு பப்பாசி அல்லது வாழைப்பழம், கிழமைக்கு இரண்டு நாள். கரட் கிழங்கும் இந்தக் கணக்கில்தான் சேரும், இனிப்பு.

கிட்டவே கொண்டுபோகக் கூடாதவை

சோறு, பாண், பிஸ்கட், தோசை, பருப்பு, கச்சான் கொட்டை, தவிடு, புண்ணாக்கு. இவை நஞ்சு இல்லை, ஆனால் மாப்பொருளும் எண்ணெயும் குட்டியின் குடலில் கெட்ட கிருமிக்குத் தீனாகும். பண்ணைகளில் தவிடும் புண்ணாக்கும் கொடுக்கிறார்களே என்று கேட்கலாம். அங்கே இறைச்சிக்காக விரைவில் எடை ஏற்றுகிறார்கள், எட்டுப் பத்து வருடம் வாழ வைக்க அல்ல.

நஞ்சானவை வேறு: வெங்காயம், உள்ளி, வெண்ணெய்ப்பழமும் அதன் இலையும், சொக்லேட், உருளைக்கிழங்கு தக்காளிச் செடிகளின் இலை, மரவள்ளி இலை, அலரி, எருக்கலை, ஊமத்தை, ஆமணக்கு, நாயுண்ணி. இப்பில் இப்பில் இலை ஆட்டுக்குப் போடப்படுவதால் முயலுக்கும் நல்லதென்று நினைப்பார்கள். அதிலுள்ள மிமோசின் என்ற நஞ்சு முயலுக்கு முடி கொட்டவும் மெலியவும் செய்யும். தொட்டாற்சுருங்கியிலும் அதே சரக்கு உண்டு; புல்லோடு கலந்து வந்தால் பொறுக்கி எறியுங்கள்.

வீட்டுக்கு வரும் பிள்ளைகளுக்கு முயலைத் தீற்றாமல் இருக்க முடியாது. தடுப்பதைவிட, கூட்டருகே ஒரு சிறு பெட்டியில் அறுகம்புல் வைத்து அதையே கொடுக்கச் சொல்வது நடைமுறைக்கு உகந்தது.

வெயில் நாட்கள்

30 பாகைக்கு மேலே போனால் முயல் தின்பது குறையும். ஆனி, ஆடி, ஆவணியில் இங்கே மதியம் 34, 35 பாகை சாதாரணம். மதியத்தில் தட்டை நிரப்புவதில் பயனில்லை. விடிய ஆறு மணிக்கு ஒரு தரம், பொழுது பட்ட பிறகு ஒரு தரம் போடுங்கள். இரவுக் குவியல் பெரிதாக இருக்கட்டும், முயல் இயல்பிலேயே விடியற்காலையிலும் அந்தியிலும் தின்னும் உயிர். தகரக் கூரைக்குக் கீழே கூடு வைக்க வேண்டாம். தண்ணீர் உறைந்த போத்தலைத் துணியில் சுற்றி உள்ளே வைத்தால் குட்டி அதில் சாய்ந்து படுக்கும். பழகிய கீரையைக் கழுவிய ஈரத்தோடு பின்னேரம் கொடுத்தால் உடம்புக்குள் தண்ணீர் சேரும். மிஞ்சியதை ஒரு மணித்தியாலத்தில் எடுத்துவிடுங்கள்.

புழுக்கை சொல்லும் செய்தி

தினமும் காலையில் கூட்டுத் தரையைப் பார்க்காமல் தீன் போடாதீர்கள். உருண்டையாக, உலர்ந்து, உடைத்தால் உள்ளே புல் நார் தெரிந்தால் எல்லாம் சரி. புழுக்கை சிறுத்துக் கறுத்தால் புல்லும் தண்ணீரும் காணாது.

இன்னொரு வகை உண்டு: சின்ன முந்திரிகைக் குலை மாதிரி, பளபளப்பாக, மெதுவாக, மணத்தோடு. இது கழிச்சல் இல்லை. குடல் பையில் புளித்த சத்தை முயல் இப்படி வெளியே எடுத்து, பின்பக்கத்திலிருந்தே நேரடியாக வாயில் வாங்கித் தின்னும். பி வகை உயிர்ச்சத்தும் புரதமும் அதில்தான். அருவருத்துத் தடுக்க வேண்டாம். அது தின்னப்படாமல் தரையில் அதிகம் கிடந்தால் பெலட்டோ இனிப்போ கூடிவிட்டது என்று அர்த்தம்.

தண்ணீராகப் போவதும், சளி மாதிரிப் போவதும் குட்டிக்கு மரண ஆபத்து. கீரையையும் பெலட்டையும் உடனே எடுத்துவிட்டு, உலர் புல்லும் தண்ணீரும் மட்டும் வைத்து, அன்றைக்கே மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்றால் நாளைக்குக் குட்டி இருக்காது. பல்லை நறநறவென்று கடிப்பது, முதுகைக் கூனிக்கொண்டு குந்துவது, வயிறு மேளம் மாதிரி இறுகுவது, இவையும் அதே அவசரம்தான். குட்டி வாங்கிய கிழமையிலேயே பக்கத்து அரச கால்நடை வைத்திய அலுவலகம் எங்கே, எத்தனை மணிக்குத் திறக்கும், முயல் பார்ப்பார்களா என்று விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருக்கும் அமொக்சிசிலின் சிரப்பை ஒரு சொட்டுக்கூட வாயில் விடாதீர்கள். பென்சிலின் வகை மருந்துகளை வாய்வழியாகக் கொடுத்தால் முயலின் குடலிலுள்ள நல்ல நுண்ணுயிர்கள் செத்து, அதுவே குட்டியைக் கொன்றுவிடும்.

பால்குடிக் குட்டி கைக்கு வந்தால்

தாய் இருக்கும்போது அவசரப்பட வேண்டாம். முயல் தாய் நாளுக்கு ஒன்று அல்லது இரண்டு தரம், மூன்று நாலு நிமிடம்தான் பால் கொடுக்கும். மற்ற நேரம் கூட்டுக்குக் கிட்டவே வராது. குட்டியின் வயிறு உருண்டு, தோல் சுருங்காமல் இருந்தால் பால் கிடைக்கிறது.

தாய் செத்துவிட்டால் ஆட்டுப்பால் கொடுக்கலாம், பசுப்பால் வேண்டாம். உடம்புச் சூட்டுக்குச் சூடாக்கி, ஊசியில்லாத 1 மில்லிலீற்றர் சிரிஞ்சில், குட்டியை நிமிர்த்திப் பிடித்து, உதட்டோரம் சொட்டுச் சொட்டாக. மல்லாத்திப் பிடித்தால் பால் சுவாசப்பைக்குள் போய்விடும். நாளுக்கு இரண்டு தரம்: பிறந்த புதிதில் ஒரு தரத்துக்கு 2 முதல் 2.5 மில்லிலீற்றர், ஒரு கிழமையில் 6 முதல் 7, இரண்டு கிழமையில் 12 முதல் 13, மூன்றிலிருந்து ஆறு கிழமை வரை 13 முதல் 15. சிறிய இனமென்றால் இதைவிடக் குறைவு. வயிறு இறுகும் அளவுக்கு ஊட்டாதீர்கள். கண் திறக்கும் வரை, அதாவது பத்துப் பன்னிரண்டு நாள் வரை, ஒவ்வொரு தரமும் பால் கொடுத்ததும் வெதுவெதுப்பான ஈரப் பஞ்சால் பின்பக்கத்தை மெதுவாகத் தடவினால்தான் சிறுநீரும் மலமும் கழிக்கும். மூன்றாம் கிழமையிலிருந்து உலர்ந்த அறுகம்புல்லைப் பக்கத்தில் வையுங்கள், அதுவாகவே தொடங்கும்.

பற்றைக் காட்டில் கண் திறந்து, முழு மயிரோடு தனியாகக் குந்தியிருக்கும் குட்டி காட்டு முயலுடையது. அது வேறு இனம். தாய் அந்தியில் வந்து பால் கொடுக்கும். அதைத் தூக்கிவராமல், நாயைப் பிடித்துக்கொண்டு அந்த இடத்தை விட்டு விலகுங்கள்.